உங்களுக்குத் தெரியுமா? – வட்டப்பிடித் தேநீர்க் குடுவை

1930 வாக்கில் பெர்லின் அருகே மார்விட்ஸில் உருவான ஒரு தேநீர்க் குடுவையைப் பாருங்கள். கூம்பு உடல். விரல் நுழைய வளையமான பிடி கிடையாது. அதற்குப் பதில் துளையே இல்லாத தட்டையான வட்டத் தகடுகள். அடுப்பங்கரைச் சாமானை இவ்வளவு துணிச்சலாகக் கற்பனை செய்தவர் யூதப் பெண்மணி மார்கரெத்தே ஹைமன்.

1899இல் கொலோனில் பிறந்தவர். புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். பெண்களை நெசவுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம்; இவரோ மண்பாண்டம்தான் வேண்டும் என்று நின்றார். இடம் கிடைக்கவில்லை; 1921இல் வெளியேறினார்.

1923இல் கணவர் குஸ்தாவ் லோபென்ஸ்டைன், கணவரின் சகோதரர் ஆகியோருடன் மார்விட்ஸில் ‘ஹேல்’ மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார். 1928இல் கார் விபத்து அந்த இருவரையும் ஒருசேரக் கொண்டுபோனது. சிறு குழந்தைகளோடு நின்ற மார்கரெத்தே பட்டறையை மூடவில்லை. சுமார் நூறு பேருக்கு அங்கே வேலை இருந்தது.

பிறகு ஹிட்லர் ஆட்சி. 1934இல் அடிமாட்டு விலைக்கு ஆலையை விற்க நேர்ந்தது. மறுவருடமே நாஜி நாளேடான ‘டேர் ஆங்கிரிஃப்’ அவருடைய பாண்டங்களை இழித்து எழுதியது. ஒரு தேநீர்க் குடுவையைக்கூடப் பொறுக்காத ஆட்சி அது!

1936இல் இங்கிலாந்து சென்றார். மண்பாண்ட நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்டில் மின்டன் நிறுவனத்துக்கு வேலை செய்தார், சொந்தப் பட்டறையும் வைத்தார். மறுமணத்துக்குப் பின் கிரேட்டே மார்க்ஸ் ஆனார். ஆனால் பழைய வெற்றி திரும்பவில்லை. அது அவர் திறமையின் குறையே அல்ல.

1990இல் லண்டனில் மறைந்தார். அவருடைய ‘ஹேல்’ பாண்டங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.