கக்குவானும் கைக்குழந்தைகளும்

கக்குவான் இருமலென்றால் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இன்றும் நடுக்கம். குழந்தை விடாமல் இருமி, மூச்சிழுக்க மாட்டாமல் முகம் கறுத்து, கடைசியில் வாந்தியெடுத்துச் சோர்ந்து விழுவதை ஒரு முறை கண்டவர் மறப்பதில்லை. தடுப்பூசி வந்து பல்லாண்டுகளான பின்பும் இந்நோய் ஒழிந்தபாடில்லை. ஆகையால் இதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

இந்நோயை விளைவிப்பது பார்டெட்டெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியா. பிரஸ்ஸல்ஸ் நகரில் போர்டே, ஜாங்கு என்னும் இரு விஞ்ஞானிகள் 1906-ம் வருஷத்தில் இதனை வளர்த்துக் காட்டினர். மூச்சுக்குழலின் உட்புறத்தில், சளியை மேலே தள்ளும் நுண்ணிய ரோமங்கள் உள்ளன. இக்கிருமி அவற்றைப் பற்றிக்கொண்டு விஷத்தைக் கக்குகிறது. ரோமங்கள் செயலற்றுப் போகின்றன. முதல் ஓரிரு வாரங்கள் சாதாரண ஜலதோஷம் போலவே தோன்றும். இருமல் உக்கிரமடைந்த பின் மருந்து கொடுத்தால், நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கலாமேயன்றி, இருமலைப் பெரிதும் குறைக்க இயலாது. பச்சைச் சிசுக்களின் விஷயம் இன்னும் கொடிது. அவை இருமக்கூடச் சக்தியின்றி, திடீரென்று மூச்சு நின்று நீலம் பாய்ந்துவிடும்.

தடுப்பூசியை நம்பத்தக்கதாக்கிய பெருமை அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துப் பெண்மணிகள் இருவரைச் சாரும். பியர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் அவ்விருவரும், பொருளாதார மந்தத்தால் ஜனங்கள் வாடிய 1930-களில், பகல் வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஏழைகளின் வீடு வீடாகச் சென்று, இருமும் குழந்தைகளின் வாயெதிரே தட்டைப் பிடித்துக் கிருமியைச் சேகரித்தனர். அவர்கள் முதலில் வெளியிட்ட கணக்கின்படி, ஊசி போட்டுக்கொண்ட 712 குழந்தைகளில் நோய் கண்டவை 4. போடாத 880-ல் 45.

இவ்வளவு தெளிவான பலனையும் பீதி ஒன்று மறைத்துவிடக் கூடும். ஊசியால் குழந்தைகளின் மூளை கெடுகிறதென்று 1974-ல் லண்டன் வைத்தியர் சிலர் ஐயுற்று எழுதினர். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அதனைப் பெரிதாக்கின. (நமது தொழிலைச் சேர்ந்தவர்களின் குற்றத்தை நாம் மறைக்க விரும்பவில்லை.) நூற்றுக்கு எழுபதுக்கு மேலிருந்த ஊசி விகிதம் 1978-ல் முப்பதளவாயிற்று. 1977 முதல் 1979 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லக்ஷத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் கண்டது. பிறகு விவகாரம் லண்டன் ஹைகோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி ஸ்டுவர்ட்-ஸ்மித் சாக்ஷியங்களை நெடுநாள் ஆராய்ந்து, ஊசியால் நிரந்தரமான மூளைக்கேடு விளையுமென்பது ருஜுவாகவில்லையென்று 1988-ல் தீர்ப்பளித்தார். சந்தேகம் வேறு, சாக்ஷியம் வேறு என்பது வக்கீல்கள் தினந்தோறும் காணும் உண்மை. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின!

நமது நாட்டில் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இத்தடுப்பூசி அரசாங்கச் செலவில் இடப்படுகிறது. 2011-ம் வருஷக் கடைசி முதல் தமிழ்நாட்டில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியிலேயே இதுவும் அடங்கியுள்ளது. பெற்றோர் பெரும்பாலும் தவறாமல் குழந்தைகளை எடுத்து வருகின்றனர். ஊசி போட்ட இரவில் சற்று ஜுரம் வரலாம். அதற்கஞ்சி அடுத்த தவணையைத் தள்ளிப்போடுவது தகாது.

எனினும் முதல் ஆறு வாரங்களுக்குச் சிசுவைக் காப்பவர் யார்? அத்தையோ அண்ணனோ லேசாக இருமுவதாக நினைத்துத் தொட்டிலருகே வருவர். கிருமியும் உடன் வரும். இந்நாட்களில் சிசுவுக்கு வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய பலமான கவசம் தாயின் இரத்தமே. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ஊசி போட்டால், அவளுடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேருகிறது. 2012-ல் பல சிசுக்கள் மாண்ட பின்னர் பிரிட்டன் இம்முறையைக் கைக்கொண்டது. நம் நாட்டிலோ, பணம் கொடுக்க வல்ல கர்ப்பிணிகள் தனியார் ஆஸ்பத்திரிகளில் இவ்வூசியைப் பெறுகின்றனர். அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இடப்படுவது தனுர்வாதத்துக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மாத்திரமே. அதே ஊசியில் கக்குவானுக்குரியதையும் சேர்த்தால் செலவு கூடும் என்பதை நாம் அறிவோம். எனினும், மருந்தின் விலையையும் பிறக்கும் சிசுக்களின் தொகையையும் கணக்கிட்டு, இதனைச் சேர்க்க எவ்வளவு காலமாகும் என்று சுகாதார மந்திரிகள் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.