படிமலர்ச்சி உத்தி

படிமலர்ச்சி உத்தி என்பது உயிரினங்களின் படிமலர்ச்சியில் (பரிணாம வளர்ச்சியில்) காணப்படும் மாற்றம், தேர்வு ஆகியவற்றைப் பின்பற்றி, ஒரு சார்பின் மிகச்சிறிய அல்லது மிகப்பெரிய மதிப்பைத் தேடும் படிமுறைத் தீர்வு (அல்காரிதம்) ஆகும். சார்பின் வகைக்கெழுவைக் கணிக்க இயலாதபோதும், அதன் மதிப்பைச் சோதனை வழியாக மட்டுமே அறிய முடியும்போதும் இம்முறை பயன்படுகிறது.

வரலாறு

1964 ஆம் ஆண்டில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெக்கென்பெர்க், ஹான்ஸ்-பவுல் சுவெபெல் ஆகியோர் இம்முறையை உருவாக்கினர். தொடக்கச் சோதனை ஒன்றில், 5 கீல்களால் இணைக்கப்பட்ட 6 பட்டைகளைக் கொண்ட தகடு காற்றுச் சுரங்கத்தில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு கீலுக்கும் 51 நிலைகள் இருந்ததால், தகடு ஏறத்தாழ 34.5 கோடி வடிவங்களை எடுக்கக்கூடும். கீல்களைச் சமவாய்ப்பு முறையில் சிறிது மாற்றி, காற்றின் தடை குறைந்தால் மட்டும் அம்மாற்றம் ஏற்கப்பட்டது. சில நூறு சோதனைகளிலேயே தகடு ஏறத்தாழத் தட்டையான வடிவை அடைந்தது.

செயல்முறை

1. பெற்றோர்ப் புள்ளியுடன் இயல்நிலைப் பரவலில் அமைந்த சமவாய்ப்பு எண்களைக் கூட்டிப் புதிய புள்ளிகள் (சந்ததிகள்) உருவாக்கப்படும்.
2. ஒவ்வொரு சந்ததிக்கும் சார்பின் மதிப்பு கணிக்கப்படும்.
3. சிறந்தவை அடுத்த தலைமுறையின் பெற்றோராகும்; ஏனையவை நீக்கப்படும்.
4. மாற்றத்தின் அளவு (படி நீளம்) திருத்தப்பட்டு, மீண்டும் முதற்படி தொடரும்.

படி நீளம் மிகுந்தால் பெரும்பாலான சந்ததிகள் வீணாகும். குறைந்தால் முன்னேற்றம் மெதுவாகும். மாற்றங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றி பெற்றால் படியை நீட்டவேண்டும், இல்லையெனில் குறுக்கவேண்டும் என்பது ரெக்கென்பெர்க்கின் விதி.

உயர் பரிமாணச் சிக்கல்

30 மாறிகளில் ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்புகளை மட்டும் சோதிப்பதானாலும் 10-இன் 30 ஆம் அடுக்கு அளவு சோதனைகள் தேவை. படிமலர்ச்சி உத்தி இதனைத் தவிர்க்கிறது. எனினும், மாறிகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் சார்பின் பரப்பு நீண்ட, குறுகிய பள்ளத்தாக்கு போல் அமையும். அங்கு எல்லாத் திசையிலும் சம அளவில் தேடுவது பயனளிக்காது.

இதற்குத் தீர்வாக 1996 இல் நிக்கோலசு ஹான்சன், ஆந்திரேயசு ஓஸ்டர்மையர் ஆகியோர் இணைமாறுபாட்டு அணித் தகவமைப்பு முறையை அறிமுகப்படுத்தினர். இது வெற்றி பெற்ற மாற்றங்களிலிருந்து பள்ளத்தாக்கின் திசையைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் n மாறிகளுக்கு n(n+1)/2 எண்களைக் கற்க வேண்டும். 10 மாறிகளுக்கு 55 எண்கள் போதும்; 1,000 மாறிகளுக்கு 5,00,500 எண்கள் தேவை; 10,000 மாறிகளுக்கு அவை 5 கோடியைக் கடக்கும். நினைவகத்தோடு, தேவையான சோதனைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

2008 இல் ரேமண்ட் ரோசு, ஹான்சன் ஆகியோர் அணியின் மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் கற்கும் எளிய வடிவத்தை முன்வைத்தனர். இதற்கு n எண்களே போதும். ஆயினும் அச்சுகளுக்குச் சாய்வாக அமைந்த பள்ளத்தாக்கின் திசையை இதனால் அறிய இயலாது. எனவே மாறிகள் எந்த அளவுக்குப் பிணைந்துள்ளன என்பதே முறையைத் தெரிவு செய்வதில் முதன்மையான கேள்வியாகும்.

வரம்புகள்

வகைக்கெழு எளிதில் கிடைக்கும் இடங்களில், குறிப்பாக மாறிகள் மிகுந்தபோது, அதைப் பயன்படுத்தும் முறைகளே பொதுவாக விரைவானவை. மேலும், கிடைத்த விடையே மிகச்சிறந்தது என்பதற்குப் படிமலர்ச்சி உத்தி உறுதி அளிப்பதில்லை. சந்ததிகளைத் தனித்தனிக் கணினிகளில் ஒரே நேரத்தில் சோதிக்க முடிவது இதன் சிறப்பாகும்.