நீராவி இரயிலும் நம் முன்னோர் நினைவுகளும்

பழைய தலைமுறைத் தோட்ட மக்களிடம் கைக்கடிகாரம் இருந்ததில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு அழைக்க, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு ஒலித்தது. மற்ற நேரங்களை, தொலைவில் ஊதிச் சென்ற இரயில் அறிவித்தது. "அஞ்சல் வண்டி போய்விட்டது, விளக்கை அணை" என்று தாய்மார் பிள்ளைகளை உறங்க வைத்த காலம் அது.

அண்மையில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைக் கண்டோம். இளமையில் நீராவி இயந்திரத்தில் நெருப்பாளராகப் பணியாற்றியவர் அவர். அவருடைய தந்தையாரும் அதே வேலையைச் செய்தவரே. தந்தை கரி வாரிப் போட்டார். மகன் பணியில் சேர்ந்த காலத்தில் இயந்திரங்கள் எண்ணெய்க்கு மாறியிருந்தன. "ஐயா, வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே, எந்த இயந்திரம் வருகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். இப்போது அதைக் கேட்பதற்கு ஆளில்லை" என்றார் அவர்.

அந்தச் சொற்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. நம் நாட்டு இரயிலின் கதையில் நம் மக்களுக்கு உள்ள பங்கு சிறிதன்று. அதை நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆகவே, அக்கதையை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இரயில் வந்த வரலாறு

நம் நாட்டின் முதல் இரயில் பாதை பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே அமைந்தது. 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சுரங்கங்களில் கிடைத்த ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர்.

மறு ஆண்டு, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ஒரு பாதை போடப்பட்டது. 1891இல் சிரம்பானும் போர்ட் டிக்சனும் இணைக்கப்பட்டன. இவ்வாறு ஒவ்வொரு பாதையும் தொடக்கத்தில் ஒரு சுரங்க நகரையும் ஒரு துறைமுகத்தையும் மட்டுமே இணைத்தது. பின்னரே அவை ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன. 1903இல் வடக்கே பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியாகப் பயணம் செய்ய முடிந்தது. 1909இல் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1923இல் கடற்பாலத்தின் மீது சிங்கப்பூர் வரை வண்டி ஓடியது. கிம்மாஸிலிருந்து காட்டையும் மலையையும் ஊடுருவித் தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை 1931இல் நிறைவடைந்தது.

காட்டின் வழியே பாதை போடுவது எளிதாக இருக்கவில்லை. 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தெலுக் ஆன்சன் என்று அன்று வழங்கிய தெலுக் இந்தானுக்கு அருகே, தன் கூட்டத்தைக் காப்பதற்காக ஒரு காட்டு யானை ஓடும் இரயிலை எதிர்த்து மோதியது. வண்டி தடம் புரண்டது, யானையும் மாண்டது. அந்த யானை புதைக்கப்பட்டதைக் குறிக்கும் நினைவுப் பலகை அங்கே வைக்கப்பட்டுள்ளது.

ஈயத்திற்காகப் பிறந்த பாதை பின்னர் இரப்பருக்கும் உதவியது. பாதையோரமாகத் தோட்டங்கள் பெருகின. கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன்மார் பலர், துறைமுகத்திலிருந்து மூன்றாம் வகுப்பு வண்டியில் ஏறித்தான் தங்கள் தோட்டத்தை அடைந்தனர். அவர்கள் சீவிய பாலும் தாள் இரப்பராகி, அதே பாதையில் துறைமுகத்திற்குத் திரும்பிச் சென்றது.

நீராவி வண்டி எவ்வாறு ஓடியது?

இன்றைய பிள்ளைகள் நீராவி இயந்திரத்தைக் கண்டதில்லை. அது இயங்கிய முறையை எளிதாக விளக்கலாம்.

அடுப்பில் உலைப்பானை கொதிக்கும்போது மூடி மேலெழும்புவதை நாம் அறிவோம். நீர் ஆவியாகும்போது பலமடங்கு இடம் கேட்கிறது. அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைத்தால் பெரும் விசை பிறக்கிறது. இயந்திரத்தின் பின்புறத்தில் நெருப்புப் பெட்டி இருந்தது. அதன் வெப்பம் கொதிகலனுக்குள் ஓடிய பல குழாய்களின் வழியே சென்று, சுற்றியிருந்த நீரைக் கொதிக்க வைத்தது. அடைபட்ட ஆவி உருளைக்குள் பாய்ந்து உந்துதண்டை முன்னும் பின்னும் தள்ளியது. அந்தத் தண்டோடு இணைந்த இரும்புக் கைகள் சக்கரங்களைச் சுழற்றின. வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறும்போது, நெருப்புப் பெட்டிக்குள் புதுக்காற்றை இழுத்து நெருப்பை மூண்டெரியச் செய்தது. வண்டி வேகமாக ஓட ஓட நெருப்பும் தானே ஓங்கியது இதனாலேதான்.

நாம் கேட்ட "குப், குப்" என்னும் ஓசையும் அவ்வாறு வெளியேறிய ஆவியின் ஓசையே. இரண்டு உருளைகள் கொண்ட இயந்திரம், சக்கரம் ஒரு முறை சுழலும்போது நான்கு முறை மூச்சு விடும். மூன்று உருளைகள் கொண்டது ஆறு முறை விடும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, 1938ஆம் ஆண்டு முதல் இங்கு வந்து சேர்ந்த புகழ்பெற்ற 56ஆம் வகை இயந்திரங்கள் மூன்று உருளைகள் உடையவை. அவற்றுக்கு நம் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். "தெமர்லோ" அவற்றுள் ஒன்று. நாம் கண்ட பெரியவர் இயந்திரத்தைக் காதாலேயே கண்டுகொண்டதன் இரகசியம் இந்தக் கணக்கில்தான் இருந்தது.

தொடக்க காலத்தில் விறகும், பின்னர் கரியும் எரிக்கப்பட்டன. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் 1915ஆம் ஆண்டு முதல் கரி வழங்கி, 1960இல் மூடப்பட்டது. நீர் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால், வழியில் நிலையங்கள்தோறும் தண்ணீர்த் தொட்டிகள் நின்றன. நெருப்பாளரின் வேலை கடினமானது. ஒரு பக்கம் நெருப்பு, மறு பக்கம் வெயிலும் மழையும். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், ஒரு கண் எப்போதும் நீர் காட்டும் கண்ணாடிக் குழாயின் மீதே இருந்தது.

ஒற்றைப் பாதையும் ஒரு சாவியும்

பெரும்பாலான இடங்களில் ஒரே தண்டவாளப் பாதைதான் இருந்தது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதிக்கொள்ளாமல் காத்தது எது? ஒரு சிறிய உலோகச் சாவி.

இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் உரிய சாவிகள், அந்த இரு நிலையங்களிலும் இருந்த கருவிகளில் பூட்டப்பட்டிருந்தன. இரண்டு கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு சாவியை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்ப வைக்கப்படும் வரை மற்றொரு சாவியை எந்த நிலையத்திலும் எடுக்க முடியாது. சாவி கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. பெரிய வளையத்தில் சாவியைக் கோத்து நிலையத்தார் நீட்டுவர். ஓடும் வண்டியிலிருந்தபடியே ஓட்டுநர் அதைக் கையில் வாங்கிக்கொள்வார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இக்காட்சியை 2011ஆம் ஆண்டு வரை காண முடிந்தது.

தண்டவாளத்தில் நம் உழைப்பு

பாதை போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. மழையில் மண் சரியும். சிலிப்பர் கட்டைகள் உளுத்துப்போகும். வெயிலில் இரும்பு நீளும். இவற்றைச் சீர்செய்ய நாள்தோறும் பாதையில் நடந்த தொழிலாளர்களுள் தமிழர் மிகப் பலர். செந்தூலில் இருந்த இரயில் பட்டறையிலும் நம்மவர் திரளாக வேலை செய்தனர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர் பலர் பணியாற்றினர்.

இந்த வரலாற்றில் கண்ணீரால் எழுதப்பட்ட ஏடு ஒன்றும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமான பாதை அமைக்கப்பட்டது. அதற்காக நம் நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் அவர்களுள் பல்லாயிரவர் மடிந்தனர். அந்தப் பாதைக்காகவே நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இரும்பும் இங்கிருந்து சென்றது. மனிதரும் இங்கிருந்தே சென்றனர். போருக்குப் பின்னர் கிழக்குக் கரையில் தண்டவாளங்கள் மீண்டும் போடப்பட்டன. சென்ற மனிதருள் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் பொறிக்கப்படவில்லை.

புகை மறைந்த பின்

1957ஆம் ஆண்டில் முதன்மைப் பாதைக்கான டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. அவற்றுக்கு விடியுமுன் நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. வழிதோறும் தண்ணீர் நிரப்ப வேண்டியதுமில்லை. செலவும் ஆட்களும் குறைந்ததால், 1970களில் நீராவி வண்டிகள் ஓய்வு பெற்றன. 1995இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்சார விரைவு வண்டி வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. நீராவி வண்டி வருவதை ஒரு கல் தொலைவிலேயே காது சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில் பாதையோரமாக நடந்தவர்கள் அக்காலத்தில் தப்பினர். மின்சார வண்டி அவ்வாறு முன்னறிவிப்பதில்லை; அருகில் வந்த பின்னரே அதன் ஓசை கேட்கும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ஆகவே, குறுக்கு வழி என்று எண்ணிப் பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நடக்க விடாதீர்கள்.

பழைய கிளைப் பாதைகள் சில இன்று இல்லை. மலாக்கா கிளைப் பாதை போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டது, மீண்டும் போடப்படவில்லை. முதல் இரயில் ஓடிய போர்ட் வெல்டிலும் வண்டி ஓடுவதில்லை. நிலையத்தின் பெயர்ப் பலகை அங்கு ஓர் இரயில் நின்றதற்குச் சான்றாக எஞ்சியுள்ளது.

நாம் செய்யக்கூடியது

இயந்திரங்களைக் காட்சிசாலைகள் காக்கும். ஆனால் அவற்றை இயக்கிய மனிதரின் நினைவுகளை யார் காப்பது? அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. உங்கள் வீட்டில் இரயிலில் வேலை செய்த முதியவர் இருந்தால், ஒரு மாலைப்பொழுது அவரருகில் அமருங்கள். எந்த நிலையத்தில், எந்த ஆண்டு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், உடன் இருந்தவர் யார் என்று கேட்டு ஏட்டில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பழைய புகைப்படம் இருந்தால், அதன் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களைக் குறித்து வையுங்கள். சயாமுக்குச் சென்றவர் குடும்பத்தில் இருந்தால், அவருடைய பெயரை முதலில் எழுதுங்கள்.

நாம் முன்னர்க் கூறிய பெரியவர் விடைபெறும் நேரத்தில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, புகைப்படம் ஒன்றைக் காட்டினார். இயந்திரத்தின் முன்னே பன்னிரண்டு பேர் நின்றிருந்தனர். படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. விரலை ஒவ்வொரு முகத்தின் மீதும் வைத்து நெடுநேரம் எண்ணினார். ஏழு பெயர்கள் நினைவுக்கு வந்தன, ஐந்து வரவில்லை. பள்ளியில் பயிலும் அவருடைய பேத்தி பென்சிலை எடுத்து வந்து, "தாத்தா, மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அந்த ஏழு பெயர்களையும் எழுதி முடித்தாள். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வரை எண்களை மட்டும் இட்டு, எதிரே இடம் விட்டு வைத்தாள்.