நிறுவனம் தந்த கணினியில் வெளிவேலை: எதுவரை சரி?

வீட்டிலிருந்தே அலுவலக வேலையைச் செய்யும் வழக்கம், 2020 மார்ச் 18ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் மலேசியா முழுவதும் பரவியது. ஆணை போய்விட்டது, வழக்கம் பல இடங்களில் நின்றுவிட்டது. ஜோகூர் பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோத்தா திங்கி போன்ற ஊர்க்காரர்களுக்கு இதனால் தினசரி அலைச்சலும் பெட்ரோல் செலவும் மிச்சம். நிறுவனமே மடிக்கணினி, அச்சுப்பொறி, சில வேளைகளில் நாற்காலி, மேசைகூட வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது.

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் கணினி சும்மாதான் கிடக்கிறது. விலைவாசியோ ஏறுமுகம். பக்கத்துக் கடைக்காரருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தால் மாதம் சில நூறு ரிங்கிட் கிடைக்கும். திருமண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுத்தால் பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கு ஆகும். நிறுவனத்தின் கணினியில் இதைச் செய்தால் என்ன தவறு?

இரண்டு கேள்விகள், ஒன்றல்ல

இந்த விஷயத்தில் பலரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள். வேலை நேரம் போக வேறு வேலை செய்யலாமா என்பது ஒன்று. அதற்கு நிறுவனத்தின் பொருளைப் பயன்படுத்தலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், இரண்டாவதற்கும் அதே பதில் வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோட்டத்து நிலத்தில் மாடு வளர்த்தார்கள், காய்கறி போட்டார்கள். நிர்வாகம் இடம் கொடுத்தது. ஆனால், தோட்டத்து லோரியை எடுத்துப்போய் வெளியாருக்குச் சாமான் ஏற்றி வாடகை வாங்கினால் எந்த மானேஜரும் சும்மா இருக்கமாட்டார். மாடு வளர்ப்பதற்கு அனுமதி இருந்தது, லோரிக்கு இல்லை. மடிக்கணினி இந்தக் காலத்து லோரி என்று வைத்துக் கொள்ளலாம்.

வேலை ஒப்பந்தத்தில் ‘வெளிவேலை செய்யக் கூடாது’ என்ற விதி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு, கணினி பெறும்போது கையெழுத்திட்ட பயன்பாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். படிக்காமல் கையெழுத்திட்டிருந்தாலும் அது கையெழுத்துதான்.

இந்தியா கண்ட சர்ச்சை

இந்தக் கேள்வி 2022ஆம் ஆண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையை உலுக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை செய்வது ஏமாற்று வேலை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்துவந்த 300 பேர் நீக்கப்பட்டதாக அறிவித்தார். இன்ஃபோசிஸ் நிறுவனமும் ஊழியர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஆனால், அதே ஆண்டு அக்டோபரில், மேலாளரின் முன் அனுமதியோடு, போட்டி இல்லாத வெளிவேலையைச் செய்யலாம் என்று வழிவிட்டது. உணவு விநியோக நிறுவனமான ஸ்விக்கி, ஆகஸ்டிலேயே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்திருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? நிறுவனங்களுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், ஒரு விஷயம் தெளிவு. கேட்டுச் செய்தவருக்கு வழி பிறந்தது. மறைத்துச் செய்தவருக்கு வேலை போனது.

பொருளால் வரும் சிக்கல்கள்

‘கணினி தேய்ந்தா போய்விடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை அது. தேய்மானம் இங்கே சிறிய விஷயம். பெரிய சிக்கல்கள் வேறு.

ஒன்று, தகவல் பாதுகாப்பு. வெளி வாடிக்கையாளர் அனுப்பும் ஒரு கோப்பில் வைரஸ் இருந்தால், அது நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள்ளும் நுழையக்கூடும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயமாகிவிட்டது. ஊழியரின் சிறு கவனக்குறைவு நிறுவனத்துக்குப் பெரிய தலைவலியாக மாறும்.

இரண்டு, மென்பொருள் உரிமம். நிறுவனம் கட்டணம் கட்டி வாங்கிய மென்பொருள் பொதுவாக அந்த நிறுவனத்தின் வேலைக்காகவே வாங்கப்பட்டது. அதில் வெளியாருக்கு வேலை செய்து காசு வாங்குவது உரிம விதியை மீறுவதாக அமையலாம்.

மூன்று, செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்பது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியைச் சேரும். வெளிவேலை அதில் சேராது என்று வாதிடலாம். ஆனால், நிறுவனத்தின் கணினியில், நிறுவனத்தின் கோப்புகளுக்கு நடுவே செய்திருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இதை நேரடியாகவே சொல்கிறது. முதலாளியின் தொழிலோடு தொடர்பில்லாத கண்டுபிடிப்பை, சொந்த நேரத்தில், முதலாளியின் கருவிகளைத் தொடாமல் செய்திருந்தால் ஊழியருக்கே சொந்தம். கருவியைத் தொட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஊழியர் பக்க நியாயம்

ஊழியர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அறை அவருடையது. மின்சாரக் கட்டணமும் இணையக் கட்டணமும் பல வீடுகளில் அவரே கட்டுகிறார். நிறுவனம் வீட்டைப் பயன்படுத்தலாம், வீட்டுக்காரர் கணினியைத் தொடக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்குத் தீர்வு இணையப் படித்தொகை கேட்பது. சொல்லாமல் எடுத்துக்கொள்வது அல்ல.

கண்காணிப்புக்கும் எல்லை வேண்டும். ருமேனியாவில் பர்புலெஸ்கு என்பவர், வாடிக்கையாளர்களோடு பேசத் தொடங்கிய கணக்கில் சொந்த விஷயங்களை எழுதியதற்காக 2007இல் நீக்கப்பட்டார். 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம், கண்காணிப்பின் அளவை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்தார்களா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரிவரப் பார்க்கவில்லை, அவரது தனியுரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. அது மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், எதையெதைக் கண்காணிக்கிறோம் என்பதை முதலாளிகள் எழுத்தில் சொல்வதே முறை என்ற பாடம் எல்லாருக்கும் பொது.

பிரச்சினை வந்துவிட்டால்

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடக்க வேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்யலாம். அப்போதும் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். நாள் கடந்தால் கதவு மூடிக்கொள்ளும்.

பயத்தில் கணினியிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவது மிகப் பெரிய தவறு. வெளிவேலையோடு நிறுவனத்தின் கோப்புகளும் அழிந்தால், சிறிய விதிமீறல் பெரிய குற்றச்சாட்டாக மாறும். வெளிவேலையை நிறுத்திவிட்டு, மேலாளரிடம் தானே போய்ச் சொல்பவரின் நிலை, பிடிபட்டவரின் நிலையைவிட நிச்சயம் மேலானது.

செய்ய வேண்டியது என்ன?

வெளிவேலைக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதலாம். என்ன வேலை, யாருக்கு, எந்த நேரத்தில், எந்தக் கருவியில் என்ற நான்கு விவரமும் அதில் இருந்தால் போதும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பியிருக்கக் கூடாது; சம்மதித்த மேலாளர் நாளை மாற்றலாகிப் போகலாம்.

அனுமதி கிடைத்தாலும் சொந்தக் கணினி ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது. கணக்கு எழுதவும் கடிதம் தட்டவும் பழைய கணினியே போதும். தனி மின்னஞ்சல், தனிச் சேமிப்புக் கருவி, தனி நேரம் என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெளிவேலை தொழிலாக வளர்ந்தால், அந்த வருமானத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கணக்குக் காட்டவும் மறக்கக் கூடாது.

கூடுதலாக உழைத்துக் குடும்பத்தை உயர்த்த நினைப்பது குற்றமல்ல. அந்த உழைப்பு, கையிலிருக்கும் நிரந்தர வேலைக்கு உலை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் முந்நூறு ரிங்கிட்டுக்காக மூவாயிரம் ரிங்கிட் சம்பளத்தைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.