அம்மா வீட்டுக் கேமராவும் பழைய வாசலும்

காலை 6 மணி நிகழ்ச்சிக்கு ஒலிபரப்புக் கூடத்துக்குள் நுழையும் முன், கைப்பேசியில் சுங்கை சிப்புட்டை ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். அப்பா மறைந்த பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார். ஒருநாள் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா வரும்வரை அரை மணி நேரம் தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகுதான் கூடத்தில் கேமரா வைத்தோம். அடுப்படி விளக்கு எரிவது தெரிந்தால் போதும், எனக்கு அன்றைய வேலை ஓடும்.

போன மாதம் அம்மா வீட்டு இணையச் சேவையை மாற்றினோம். புது ரவுட்டர் வந்தது. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைக்கச் சொன்னேன். மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் படம் வரவில்லை. அம்மாவை அழைத்தேன்.

"எனக்கு நல்லாத் தெரியுதேம்மா. நான் சோபாவுல உட்கார்ந்திருக்கிறதே தெரியுது!"

வந்து பார்த்த டெக்னீஷன், கேமரா பழுது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் தெரிகிறது, வெளியூரில் தெரியவில்லை. பழுதான கேமரா இப்படி ஆள் பார்த்தா வேலை செய்யும்? சனிக்கிழமை மடிக்கணினியோடு ஊருக்குக் கிளம்பினேன்.

வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் முக்கியமாக மூன்று எண்கள் தேவை: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே. நம் தாமானை நினைத்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரி என்பது ஜாலான் பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்தது. எதுவரை ஜாலான், எது வீட்டு எண் என்று பிரித்துக் காட்டுவது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஜாலான், கடைசி எண் வீடு. 192.168.1.50, 192.168.1.20 இரண்டும் ஒரே ஜாலான். 192.168.0.20 வேறு ஜாலான். ஒரு ஜாலானில் 1 முதல் 254 வரை வீடுகள் இருக்கலாம்.

ஒரே ஜாலான் என்றால் கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வேறு ஜாலான் என்றால் தகவலைத் தாமான் வாசலில் கொடுத்துவிட வேண்டும். அந்த வாசல்தான் கேட்வே. பெரும்பாலான வீடுகளில் ரவுட்டரே அது.

மாஸ்க் தவறினாலும் சிக்கல்தான். 255.255.0.0 என்று போட்டுவிட்டால், வேறு ஜாலானில் இருக்கும் கருவியையும் பக்கத்து வீடு என்று நினைத்து இங்கேயே தேடும்.

அம்மா வீட்டுக் கேமராவுக்கு நிலையான முகவரி கொடுத்தவள் நான்தான்: முகவரி 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. கணினியில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். புது ரவுட்டரின் எண் 192.168.1.254! ஜாலான் மாறவில்லை, அதனால் அம்மாவின் கைப்பேசியில் படம் வந்தது. வாசல் மட்டும் இடம் மாறிவிட்டது. கேமராவோ இல்லாத வாசலுக்குப் படத்தை அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்வேயைத் திருத்தினேன். டிஎன்எஸ் இடத்திலும் பழைய எண்ணே இருந்தது, அதையும் மாற்றினேன். கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்த்தேன். படம் வந்தது. தப்பு கேமராவுடையது அல்ல, என்னுடையது.

உங்கள் வீட்டிலும் பிரிண்டரோ கேமராவோ திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், புதிது வாங்கும் முன் இந்த மூன்று எண்களையும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே தெரியவில்லை என்றால் முகவரியையும் மாஸ்க்கையும் முதலில் பாருங்கள். உள்ளே சரி, வெளியே இல்லை என்றால் கேட்வேயைப் பாருங்கள். முகவரியைத் தானாகப் பெற விடுவதே சுலபம். நிலையான முகவரி வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே அந்தக் கருவிக்கென ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலை 5.50க்குப் பார்த்தேன். அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.