கல்லில் ஒரு பெயர்



போர்க்களத்தில் மாண்டுபோன சிப்பாய்க்கு உயிரோடிருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? போன உயிரைத் திருப்ப எவராலும் ஆகாது. பெயரை அழியாமல் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். நம் முன்னோர் இதை நன்கு அறிந்தவர்கள். வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே சொல்கிறது. செங்கம் வட்டாரத்தில் அத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம். வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர்!

இந்த மண்ணிலும் அப்படிப்பட்ட கற்கள் நிற்கின்றன. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதியினர் இந்தியப் பட்டாளத்தார். ஜித்ராவிலும், கம்பாரிலும், சிலிம் ஆற்றங்கரையிலும் அவர்கள் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே அவசரமாகப் புதைக்கப்பட்டவர்கள் பலர். சண்டை முடிந்த பிறகு, அங்கும் இங்குமாகக் கிடந்த அந்த உடல்களைத் தேடியெடுத்துத் தைப்பிங்கில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே 850-க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். அவர்களில் 500-க்கும் அதிகமானோர் இன்னார் என்றே தெரியவில்லை.

பெயர் தெரியாதவனுக்கும் கல் உண்டு. அவனை இறைவன் அறிவான் என்னும் பொருளில் அதில் எழுதியிருப்பார்கள். அந்த வாசகத்தைத் தந்தவர் ரட்யார்ட் கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளர். முதல் உலகப் போரில் அவருடைய ஒரே மகன் மாண்டான், உடல் கிடைக்கவில்லை. அந்தத் தகப்பன் சாகும்வரை மகனின் கல்லறையைப் பார்க்கவே இல்லை.

இந்தக் கல்லறைகளைப் பராமரிப்பது 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். மாண்டவர் ஒவ்வொருவருக்கும் கல்லிலோ சுவரிலோ பெயர் இருக்க வேண்டும், பதவி, இனம், சமயம் பார்த்து வேற்றுமை காட்டக்கூடாது என்பது அதன் விதி. ஒருமுறை எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தைப்பிங்குக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசை வரிசையாய் நின்ற கற்களைப் பார்த்துவிட்டு, "சார், பெரிய தொரைக்கும் இதே ஒசரக் கல்லுதானா?" என்று கேட்டான். ஆமாம், அதே உயரம்தான். துரை பங்களா ஓரிடம், கிராணி வீடு ஓரிடம், லயன் ஓரிடம் என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. அவனுக்கு அது அதிசயமாக இருந்ததில் வியப்பென்ன?

ஆனால் விதி எழுதியபடியே எல்லா இடத்திலும் நடந்ததா? இல்லை. முதல் உலகப் போரில் ஈராக் பக்கம் இறந்தவர்களுக்காகப் பாஸ்ராவில் 1929-இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சாதாரணச் சிப்பாய்கள் பட்டாள வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். 2021-இல் அந்த ஆணையமே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர் குறிக்கப்படாமலோ, நினைவே கூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. உள்ளூர் மக்களுக்குக் கல்லறையில் அக்கறை இருக்காது என்று அந்நாளைய அதிகாரிகளில் சிலர் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்களாம்! செங்கத்துக் கற்களை அவர்கள் கண்டதில்லை போலும்.

இரண்டாம் போரில் நிலைமை மாறிற்று. சிங்கப்பூர் கிராஞ்சியில் 1957 மார்ச் 2-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் சுவர்களில், கல்லறை இன்னதென்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. இந்தியச் சிப்பாய்களும் பெயர் பெயராகவே இருக்கிறார்கள். "நம்மவர்களுக்கு ஏன் தனிக் கல் இல்லை, சுவரில்தானே பெயர்?" என்று சிலர் குறைப்படுவதுண்டு. உடல் கிடைக்காதவர்களுக்கு, எந்த இனத்தாராக இருந்தாலும், சுவர்தான். இறந்தபின் தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்டவர்களும் உண்டு. எரித்த உடலுக்குக் குழி ஏது, கல் ஏது? அவர்களுக்கென்று அதே வளாகத்தில் தனிச் சின்னம் இருக்கிறது. ஏறக்குறைய 800 பெயர்கள். பெரும்பாலும் இந்தியப் படையினர்.

இன்னொரு கல்லின் கதையும் உண்டு. நம் தோட்டத்து வாலிபர்கள் பலர் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள்; பெண்களும் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். அந்தப் படையில் மாண்ட பெயரறியா வீரர்களுக்காக, சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8-இல் நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்தச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். இறந்தவனுக்கு மரியாதை கிடைப்பதும் வென்றவன் மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட நம் தொழிலாளர்களின் நிலை அதைவிடக் கொடுமை. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளாக இறந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசையாகக் கல்லறை இருக்கிறது. அதே பாதையில் மடிந்த தமிழர்கள் சிப்பாய்கள் அல்லர். ஆகவே அந்த வரிசையில் அவர்களுக்கு இடமில்லை.

உங்கள் குடும்பத்தில் யாராவது அக்காலத்து இந்தியப் பட்டாளத்தில் இருந்து மாண்டதாகப் பேச்சு உண்டா? ஆணையத்தின் பெயர்ப் பதிவைக் கணினியிலோ கைப்பேசியிலோ இலவசமாகத் தேடலாம். பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துத் தருவார்கள். ஆங்கிலத்தில் நம் பெயரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள். முத்துசாமியை நான்கு வகையாக எழுதித் தேடுங்கள். கிராஞ்சிச் சுவரில் பெயர்கள் பட்டாள வாரியாக இருப்பதால், எந்தப் பட்டாளம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும்கூட இருக்கும். பாட்டி உயிரோடிருந்தால் முதலில் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தைப்பிங் கல்லறை, ஏரிப் பூங்காவைத் தாண்டி புக்கிட் லாருட் மலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. சாலைக்கு ஒரு புறம் கிறிஸ்துவர்கள், மறுபுறம் முஸ்லிம், இந்து, கூர்க்கா வீரர்கள். பெரும்பாலோர் சாலையின் ஒரு பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மறுபக்கமும் நடந்து பாருங்கள்.