உளி வைக்கும் முன்

கிழக்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று சென்னையின் தென்புறநகர் முழுக்கப் பழைய தனி வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. டைல்ஸ் நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். பழைய பூச்சை எப்படிப் பெயர்க்கப் போகிறார்கள் என்று கொத்தனாரிடம் கேட்பதே இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால், பிடிப்புள்ள பூச்சு கெட்டியாக ஒலிக்கும். செங்கல்லை விட்டு விலகிய இடம் 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதை மட்டும் பெயர்த்தாலே பல வீடுகளில் போதும்.

சுவரின் வயதும் தெரிய வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931-ஐ ஒட்டிக் கட்டிய வீடென்றால், மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புக் காரையும் இருக்கலாம். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் அரித்துப்போகும். மறுபடியும் சுண்ணாம்பே பூசுவது நல்லது. தூண் இல்லாத வீடுகளில் கூரையைத் தாங்குவது 9 அங்குலச் சுவர்தான். பூச்சோடு நிறுத்தாமல் சுவரையே திறப்பதென்றால், பொறியாளர் பார்த்து, முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்தது தூசி. மணலும் செங்கல்லும் உடையும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. முகத்தில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது, என்95 மாஸ்க் வேண்டும். பழைய பெயின்ட்டின் தூசியில் ஈயமும் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்வாகச் சுரண்டவே கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும்.

மெயின் சுவிட்சை அணைத்து, கதவுக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, சுவரில் தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழாகச் சிறு சிறு துண்டுகளாகப் பெயர்க்க வேண்டும். சேரும் குவியலை உலர்வாகப் பெருக்காமல், நனைத்து மூட்டை கட்ட வேண்டும்.

அந்த மூட்டைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரைக்குப் போய்விடக் கூடாது. செம்பாக்கம், சேலையூர் ஏரிகளும், 2022-ல் ராம்சார் ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பும்தான் மழைக்காலத்தில் நம் தெருத் தண்ணீரை வாங்கிக்கொள்பவை. கட்டடக் கழிவை எங்கே கொட்டலாம் என்று மாநகராட்சியில் முன்கூட்டியே கேளுங்கள்.

கூலி பேசும்போதே மாஸ்க்குக்கும் கழிவு வண்டிக்குமான செலவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நம் வீட்டுத் தூசியை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் கூலிக்கு வந்த சித்தாள். அவரது மூச்சைக் காப்பது வீட்டுக்காரரின் கடமை.